கொட்டிய சர்க்கரை

எங்கள் மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, என் துணைவி உடல்நலம் குன்றிய தன் தாயாரைப் பார்க்கப் பொள்ளாச்சி சென்றிருந்தாள். ஜும்ஆவுக்குப் பின் கரும்புக்கடையில் எங்கள் வீட்டில் நானும் இரண்டரை வயது இளைய மகளும் மட்டும் கீழே இருந்தோம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மூத்த மகன் மாடியறையில் இருந்தான்.

உறங்கி எழுந்த குழந்தை தாயைத் தேடி அழத் தொடங்கினாள். கதை சொன்னேன், தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், அழுகை நிற்கவில்லை. ஏதாவது இனிப்புச் செய்து கொடுக்கலாம் என்று அடுப்படிக்குத் தூக்கிச் சென்றேன். கச்சாயம், ஒப்பிட்டு போன்ற நம் கொங்கு நாட்டுப் பண்டங்களைச் செய்யும் கைப்பக்குவம் எனக்கில்லை. அடுப்பும் எண்ணெயும் கூடிய அந்த வேலைகளில் சிறு குழந்தையை அருகில் வைத்துக்கொள்ளவும் இயலாது. எனக்குத் தெரிந்தது பொட்டுக்கடலை மாவு உருண்டை ஒன்றுதான். மாவுடப்பாவைத் திறந்ததும் அவள் அழுகையை நிறுத்தி, "நானு! நானு!" என்று கையை நீட்டினாள்.

தரையில் ஒரு துணியை விரித்து அவளை அமர்த்தினேன். "பிஸ்மி சொல்லு கண்ணு" என்றேன், மழலையில் சொன்னாள். இரண்டு டம்ளர் மாவு அளக்க வேண்டும். அவள் அளந்ததில் பாதி பாத்திரத்திலும் பாதி துணியிலும் விழுந்தது. அடுத்து ஒரு டம்ளர் நாட்டுச் சர்க்கரை. கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலைகளில் சாற்றைக் காய்ச்சிக் கிளறித் தூளாக்கும் அந்தச் சர்க்கரையில் கட்டிகள் இருக்கும். அவற்றை உதிர்ப்பதற்காக ஒரு தட்டில் கொட்டி வைத்திருந்தேன். நான் நெய் எடுக்கத் திரும்பிய நொடியில் அவள் தட்டை இழுத்தாள். சர்க்கரை முழுவதும் தரையில் சிதறியது.

என் கை தானாக உயர்ந்தது.

அவள் என் கையைப் பார்க்கவில்லை; சிதறிய சர்க்கரையை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்ந்த கை அப்படியே நின்றது. ஏனெனில், அந்தக் கை முன்பொருமுறை நிற்காமல் இறங்கியிருந்தது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு. அப்போது மூன்று வயதாயிருந்த என் மூத்த மகன், அவன் தாய்க்கு உதவுவதாக நினைத்துச் சர்க்கரை டப்பாவைத் தூக்கி வந்து கொட்டிவிட்டான். களைப்பில் இருந்த நான் அவன் கையில் ஓங்கி அடித்தேன். அதன்பின் அவன் அடுப்படியில் உதவ வந்ததாக எனக்கு நினைவில்லை. எதுவானாலும் தாயிடம் சொல்வான். என்னிடம் கேட்டதற்கு மட்டும் விடை சொல்வான். 'மரியாதை தெரிந்த பிள்ளை' என்று மற்றவர்களிடம் நான் பெருமை பேசியதும் உண்டு. அது மரியாதை அன்று, அச்சம் என்பதை அறிய எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

அனஸ் (ரலி) அவர்களின் செய்தியை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தவர் அவர். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சலித்துக்கொண்டு ஒரு சொல் சொன்னதில்லை என்று அவரே அறிவிக்கிறார். ஒருநாள் வேலையாக அனுப்பப்பட்டவர், வழியில் விளையாடிய சிறுவர்களைக் கண்டு நின்றுவிட்டார். அங்கு வந்த நபியவர்கள் பின்னாலிருந்து அவர் பிடரியைப் பிடித்து, சிரித்த முகத்தோடு விசாரித்தார்கள். இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த நாள்களிலெல்லாம் என் மேசைமேல் பிரம்பு கிடந்தது.

குழந்தையோடு சேர்ந்து தரையிலிருந்த சர்க்கரையை அள்ளி ஒதுக்கினேன். "கொட்டிடுச்சு" என்றாள். "ஆமா கண்ணு, கொட்டிடுச்சு. வேற எடுத்துக்கலாம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு டம்ளர் சர்க்கரையின் இழப்போடு முடிந்துபோயிருக்க வேண்டிய செயலுக்கு, அன்று என் மகனிடம் நான் வாங்கிய விலை மிகப் பெரிது.

அடுப்பு வேலையை நான் பார்த்துக்கொண்டேன். அரை டம்ளர் நெய்யை உருக்கி, கை பொறுக்கும் சூடு வரும்வரை அவளுக்கு எட்டாத உயரத்தில் ஆறவிட்டேன். மாவோடு சர்க்கரையும் சிறிது ஏலக்காய்ப் பொடியும் கலந்து, நெய்யைச் சிறிது சிறிதாக விட்டு, இளஞ்சூடு இருக்கும்போதே பிடித்தோம். முந்திரி சேர்க்கவில்லை, முழுப் பருப்பு இந்த வயதுக் குழந்தையின் தொண்டையில் சிக்கிவிடும். உருண்டையைக்கூட உதிர்த்து, சிறிது சிறிதாக, அருகில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

அவள் பிடித்தவை எவையும் உருண்டையாக இல்லை. ஐந்து விரல்களும் பதிந்த மாவுக்கட்டிகள் அவை. இடக்கையால் எடுத்து உண்ணப் போனவளின் வலக்கையில் அதை மாற்றி வைத்தேன். நபியவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் பின் அபீ ஸலமா (ரலி) உணவுத் தட்டில் அங்குமிங்கும் கை அலைய உண்டபோது, நபியவர்கள் அவரை விரட்டவில்லை. அல்லாஹ்வின் பெயர் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகில் இருப்பதை உண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் தாம் அப்படியே உண்டதாக அவர் பின்னாளில் கூறினார். தம்மோடு ஒரே தட்டில் அமர்த்திக்கொண்டு கற்பித்ததால் அது நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கோவையில் தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிறது. இனிப்பு வாங்கித் தருவது எளிது. ஆனால் குழந்தை கேட்டது இனிப்பை அன்று. நம் வேலையில் தனக்கொரு பங்கை. அதைக் கொடுக்க நேரமும் பொறுமையும் செலவாகும். அந்தச் செலவே அன்பு.

மாடியிலிருந்து மகன் இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றான். மாவு படிந்த என் தாடியைப் பார்த்தான். ஓரமாகக் குவித்திருந்த சர்க்கரையையும் பார்த்தான்.

அடியார்களுக்கு இழைத்த அநீதிக்கு அல்லாஹ்விடம் மட்டும் பாவமன்னிப்புக் கேட்டால் போதாது, உரியவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் நான் நடத்தும் பாடம்தான். பெற்ற பிள்ளைக்கு அதில் விலக்கு இல்லை.

"சின்ன வயசுல நீ சர்க்கரை கொட்டினதுக்கு அடிச்சேன். ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்குதுங்கத்தா."

"நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிரு."

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு, "அடிச்சதுகூடப் பெருசில்லீங்கத்தா. அப்புறம் பெருநாள் முழுக்க எங்கூடப் பேசவே இல்லீங்க. அதுதான்" என்றான்.

அது எனக்கு நினைவிலேயே இல்லை. அடித்ததை நான் நினைவில் வைத்திருந்தேன். பேசாமல் இருந்ததை அவன் சுமந்துகொண்டிருந்தான். என்னிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

இளையவள் எழுந்து போய், தன் விரல் பதிந்த ஒன்றை அவன் கையில் வைத்தாள். அவன் பிஸ்மி சொல்லி உண்டான். பிறகு எங்களோடு தரையில் அமர்ந்து, மீதி மாவைப் பிடிக்கத் தொடங்கினான். மன்னித்தேன் என்று அன்று அவன் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஞாயிறன்று விடுதிக்குப் புறப்படும்போது, "உருண்டை மிச்சம் இருக்குதுங்களா?" என்று என்னிடம்தான் கேட்டான்.

இப்போது என் மேசைமேல் பிரம்பு இல்லை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வரும் நேரம் இளையவளுக்குரியது. அதில் பெரும்பாலும் ஏதாவது கொட்டுகிறது.

எங்கள் பிள்ளைகளிடம் மென்மையோடு நடக்கவும், அவர்களுக்கு இழைத்த தவறுகளுக்கு வாழும் காலத்திலேயே அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.