நம் பெண்மக்கள் கணிதம் பயிலட்டும்



அன்பிற்குரிய பெற்றோர்களே! பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் மத்ரஸாவிற்கு வரும் தாய்மார்கள் நம்மிடம் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், பொண்ணு பிஎஸ்சி மேத்ஸ் சேரணும்னு நிக்குது. கணக்குப் படிச்சு என்ன ஆகப்போவுது?" காரிமங்கலத்திலேயே அரசு மகளிர் கலை மற்றும் அறிவியல் கல்லூரி இருக்கிறது. வெளியூர் அனுப்பும் அச்சம் வேண்டியதில்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு மார்க்கத்தின் பக்கமிருந்து விடை காண்பது நம் கடமையாகிறது.

முதலில் நம் மத்ரஸாப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு மரணிக்கிறார். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களின்படி மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம், மனைவிக்கு எட்டில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் இவை முறையே 16, 4, 4, 3 என்றாகி, கூட்டுத்தொகை 27 ஆகிவிடுகிறது! ஃபுகஹாக்கள் சொத்தையே 27 பங்காகப் பிரித்து, அனைவருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்தார்கள். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். சொத்து 27 லட்சம் ரூபாய் என்றால் மகள்களுக்குத் தலா 8 லட்சம், தாய் தந்தைக்குத் தலா 4 லட்சம், மனைவிக்கு 3 லட்சம். பின்னத்தில் பிழை நேர்ந்தால் ஒரு விதவையின் ஹக்கு பறிபோகும். கணிதம் இங்கே அமானிதமாக நிற்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே இன்று கல்லூரிகளில் 'அல்ஜீப்ரா' என வழங்குகிறது. அந்நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளே. இயற்கணிதம் நம் வீட்டுக்கு அந்நியமன்று.

ஆயினும் பள்ளிக் கணக்கும் பட்டப்படிப்புக் கணிதமும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பள்ளியில் சூத்திரத்தில் எண்களை இட்டு விடை கண்டால் போதும். கல்லூரியிலோ அந்தச் சூத்திரம் ஏன் உண்மை, எல்லா எண்களுக்கும் பொருந்துமா, நிரூபணம் எங்கே என்று கேட்பார்கள். சட்டங்களை மனனம் செய்த மாணவர் உஸூலுல் ஃபிக்ஹில் நுழைந்து ஒவ்வொரு சட்டத்திற்கும் தலீல் தேடத் தொடங்குவதைப் போன்றது இது. பள்ளியில் நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளையும் முதல் செமஸ்டரில் தடுமாறக்கூடும். அப்போது "போதும், நிறுத்திவிடு" என்று சொல்லிவிடாதீர்கள். நிரூபணத்தின் மொழி பழகச் சில மாதங்கள் ஆகும்.

பல கல்லூரிகளில் கணித மாணவிகள் புள்ளியியலையும் துணைப்பாடமாகப் பயில்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானையை நன்கு கிளறினோமா, எத்தனை பருக்கை எடுத்தால் தைரியமாகச் சொல்லலாம், அப்போதும் பிழைக்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கேட்பது புள்ளியியல். யகீன் வேறு, மிகைத்த எண்ணமாகிய ஃகாலிபுள் ளன் வேறு என நம் இமாம்கள் பிரித்தறிந்தார்கள். தெரிந்ததை எந்த அளவுக்குத் தெரியும் என அளந்து சொல்லும் இந்த நேர்மையை, வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் உறுதியென நம்பும் காலத்தில் நம் பிள்ளைகள் கற்பது நலமே.

"நிகழ்தகவு சூதாட்டத்திலிருந்து பிறந்ததாமே?" என்று சிலர் தயங்குகிறார்கள். 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் சூதாட்டப் பங்கீடு பற்றியவைதாம். ஹராமாவது சூதாட்டம், எண்ணும் அறிவு ஹராமாகாது. மருந்தின் பயனைச் சோதிப்பதும் விளைச்சலை மதிப்பிடுவதும் இதே அறிவால்தான். வட்டித் தொழிலில் போய்ச் சேருமோ என்ற கவலை நியாயமானது. ஆனால் வேறு வாசல்கள் உண்டு. பி.எட். முடித்து ஆசிரியை ஆகலாம். புள்ளியியலை ஒரு பாடமாகப் பயின்ற பட்டதாரிகள், யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம்.

செலவுக்கும் வழி இருக்கிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரிச் சேர்க்கையில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. குடும்பம் தர வேண்டியது மூன்றாண்டுக் காலம். திருமணப் பேச்சை அதுவரை ஒத்திவைக்கும் மனம்தான் பலரிடம் குறைவு.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். நம் தருமபுரி மாவட்டத்திலோ 68.5 சதவீதம், மாநிலத்தில் அதுவே கடைசி இடம். நம் ஜமாஅத்தில் எத்தனை பெண்பிள்ளைகள் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எத்தனை விதவைகள் ஜகாத்திற்குக் காத்திருக்கிறார்கள்? வீடு வீடாகச் சென்று இவற்றைச் சரியாக எண்ணி எழுத, நம் மகள்களில் ஒருத்தி கற்றுத் தேறினால் அது மஹல்லாவிற்கே செய்யும் கித்மத்தாகும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பெற்றுத்தரும் பொறுமையை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.