விதைக்கு ஒரு காய்

நுழையும்முன்

ஊருக்கு உழைப்பது உயர்ந்த பண்பு. அவ்வுழைப்பில் வீடு மறக்கப்படும்போது வாழ்வின் சமநிலை குலைகிறது. மாடித்தோட்டத்துச் சுரைக்கொடி ஒன்று ஆசிரியர் ஒருவருக்கு அதனை உணர்த்திய விதத்தைக் கூறுகிறது இக்கட்டுரை.

கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படிகள். பல ஆண்டுகளாக அவற்றை நாள்தோறும் ஏறி இறங்கியவர் என் அம்மா. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிய பைகளில் தென்னைநார்க் கழிவும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, வெண்டை, கத்தரி, கீரை என வளர்த்துவந்தார். ஆடி பிறந்ததும் பந்தலோரத்தில் சுரைவிதை ஊன்றுவது அவர் வழக்கம். விளைந்தவற்றை உண்டதைத் தவிர, அத்தோட்டத்தோடு எனக்கு வேறு தொடர்பு இருந்ததில்லை.

காரணம் கேட்டால், நேரமில்லை என்பேன். பள்ளி முடிந்தால் நூலக வாசகர் வட்டம். அது முடிந்தால் தெரு நலச் சங்கம். குருதிக்கொடை முகாம், கோவில் விழாக்குழு, திருமணம், காதணி விழா, துக்க வீடு என எதனையும் தவறவிட்டதில்லை. 'ஊருக்கு உழைக்கிறவர்' என்று பிறர் கூறக் கேட்கும்போது உள்ளம் பூரிக்கும். என் மனைவி வெளியூரில் பணியாற்றியதால், வார நாள்களில் வீட்டில் அம்மாவும் நானும் மட்டுமே. இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் திரும்பும்போது அவர் பாதி உறக்கத்தில் கதவைத் திறப்பார். "சாப்பிட்டியாப்பா?" என்பார். "ஆயிற்று அம்மா" என்பேன். அன்றைய உரையாடல் அவ்வளவுதான்.

ஆவணி மாதத்து மாலை ஒன்றில், தண்ணீர் வாளியோடு மாடியேறிய அம்மா படியில் வழுக்கி விழுந்தார். நான் அப்போது வாசகர் வட்டத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசியின் ஒலியை அடக்கி வைத்திருந்தேன். கூட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, பக்கத்து வீட்டார் ஏழு முறை அழைத்திருந்தது தெரிந்தது. மருத்துவமனையில் சேர்த்தவர்களும் அவர்களே. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஊருக்கெல்லாம் ஓடிய என் கால்கள், அன்று என் வீட்டிற்கு மட்டும் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தன.

அறுவை மருத்துவம் முடிந்து அம்மா வீடு திரும்பினார். படுக்கையில் இருந்தபடி அவர் முதலில் கேட்டது செடிகளைப் பற்றித்தான். மறுநாள் முதல் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் மாடியேறித் தண்ணீர் ஊற்றலானேன். சில நாள் சென்றபின், "சுரை பூத்துச்சா?" என்று கேட்டார்.

"பூக்கிறது அம்மா. ஆனால் பூவெல்லாம் வாடியே கிடக்கிறது. பிஞ்சும் வெம்பி உதிர்கிறது."

"நீ எப்பப் போய்ப் பார்க்கிற?"

"காலையில்தான்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சுரை அந்தியில பூக்கிறதுப்பா. காலையில நீ பார்க்கிறது பூ இல்ல, முடிஞ்சுபோன பூ" என்றார்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் வியந்து பேசுபவன் நான். முல்லைத் திணைக்குரிய சிறுபொழுது மாலை என்பதை எத்தனையோ மாணவர்க்குக் கற்பித்திருக்கிறேன். என் தலைக்கு மேலே, என் வீட்டு மாடியில், மாலைதோறும் மலர்ந்த பூவை நான் ஒருமுறையும் கண்டதில்லை. அந்த மாலைகளில் நான் வீட்டிலேயே இருந்ததில்லை.

சுரையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். ஆண்பூவின் காம்பு மெலிந்து நீண்டிருக்கும். பெண்பூவின் அடியிலோ மென்மயிர் போர்த்த சிறு பிஞ்சு இருக்கும். அந்தியில் விரியும் அவ்வெண்மலர்களை நாடி வரும் அந்துப்பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால்தான் பிஞ்சு காயாகும். எங்கள் மாடிக்கு அவை போதிய அளவில் வரவில்லை போலும். "ஆண்பூவைப் பறிச்சு, இதழை நீக்கிட்டு, பெண்பூவோட நடுவுல மெதுவாத் தொட்டு எடு. இருட்டுறதுக்குள்ள செய்" என்று அம்மா வழி கூறினார்.

அன்று மாலை ஆறு மணிக்குத் தெரு நலச் சங்கக் கூட்டம் இருந்தது. செயலாளரை அழைத்து, "இன்று வர இயலாது, வீட்டில் வேலை இருக்கிறது" என்றேன். அவ்வாறு நான் கூறியது அதுவே முதன்முறை. பூவைத் தொட்டுக்கொண்டிருந்தபோதும் மனம் கூட்டத்திலேயே இருந்தது. மறுநாள் விசாரித்தேன். கூட்டம் நன்றாகவே நடந்திருந்தது. தெருவிளக்குக் கோரிக்கையை இளைஞர் ஒருவர் அழகாக எழுதியிருந்தார். நானின்றி எதுவும் நின்றுவிடவில்லை என்பது முதலில் வலித்தது. பிறகு அதுவே விடுதலையாயிற்று. ஊர் என்னைத் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நானே ஊரைத் தாங்குவதாக எண்ணியது என் அறியாமை.

அதன்பின் மாலைகளைப் பகுத்துக்கொண்டேன். வாரத்தில் இரண்டு மாலைகள் ஊருக்கு, ஏனையவை வீட்டிற்கு. மாடியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் அருகில் அமர்ந்து, எத்தனை பூ, எத்தனை பிஞ்சு என்று கணக்குச் சொல்வேன். அவர் தம் தந்தையாரின் கொல்லையில் எருக்குழியோரம் படர்ந்த சுரையைப் பற்றிச் சொல்வார். கேட்கக் கேட்க, இதுவரை நான் கேளாமல் விட்டவை எத்தனை என்பது விளங்கிற்று. கூட்டங்களிலும் முன்னைவிடக் குறைவாகப் பேசி, மிகுதியாகக் கேட்கத் தொடங்கினேன். அங்கும் என் உழைப்பு குறையவில்லை, பதற்றமே குறைந்தது.

அவ்வாண்டு கொடியில் எட்டுக் காய்கள் பிடித்தன. முதற்காயைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தேன். அடுத்தடுத்த காய்களும் தெருவுக்கே சென்றன. பழைய பழக்கம் எளிதில் விடுமா? எஞ்சிய ஒன்றையும் பறிக்கக் கத்தியை எடுத்தபோது அம்மா தடுத்தார்.

"அதை விதைக்கு விடுப்பா. எல்லாத்தையும் பறிச்சுக் கொடுத்துட்டா, அடுத்த ஆடிக்கு எதை ஊன்றுவ?"

அக்காயைப் பற்றித்தான் அவர் கூறினார். எனினும் அச்சொல் என்னையே சுட்டிற்று. இருப்பதையெல்லாம் ஊருக்கு ஈவது கொடையன்று, ஒருவகை மறதி. ஈபவனிடம் ஈவதற்கு ஏதேனும் விளைந்துகொண்டே இருத்தல் வேண்டும். அது விளையும் இடம் வீடு. விளையும் பொழுது நமக்கென நாம் காத்துக்கொள்ளும் சிறுபொழுது. சமநிலை என்பது பொழுதை இரு கூறாகச் சரிபாதியாக்குவதன்று. பறிப்பதற்கு உரியது எது, கொடியில் விட்டுவைப்பதற்கு உரியது எது என்று அறிவதே ஆகும்.

தை மாதத்தில் கொடி காய்ந்தது. விதைக்கு விட்ட காயும் ஓடு தடித்து நிறம் மாறி நின்றது. அதனைப் பறித்துக் கீழே கொண்டுவந்தேன். கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்த அம்மா, அதனைத் தம் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே விதைகள் ஒலித்தன.