டென்ட் எங்கே போடலாம்? வத்தலக்குண்டிலிருந்து ஒரு குடும்பத்தின் காலாண்டு லீவு பிளான்!

கொடைக்கானல் போகிற பலருக்கும் வத்தலக்குண்டு என்றால் பஸ் நிற்கும் பத்து நிமிடம்தான். ஒரு டீ, கையில் ஒரு எலுமிச்சம்பழம், குழந்தைக்கு வாந்தி மாத்திரை. அவ்வளவுதான், வண்டி மலையேறிவிடும். சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யரின் ஊர், 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு.செல்லப்பாவின் ஊர் என்பதெல்லாம் ஜன்னல் சீட்டில் தூங்குபவர்களுக்குத் தெரியாது.

ஊர்க்காரர்களின் கதை வேறு. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே மலை எதிரில் நிற்கும். 'இன்னிக்கு மேல மழை' என்று மேகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த ஊரில் இருக்கும் எங்கள் சித்தப்பா குடும்பத்துக்கு இந்த காலாண்டு லீவுக்கு ஓர் ஆசை: ஒரு ராத்திரியாவது டென்ட்டில் படுக்க வேண்டும். ஆறாவது படிக்கும் அண்ணனும் மூன்றாவது படிக்கும் தங்கையும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

சித்தப்பா குடும்ப குரூப்பில் ஒரு ரீல்ஸைத் தட்டிவிட்டார். காட்டுக்கு நடுவே வரிசையாக டென்ட், சீரியல் லைட், கேம்ப் ஃபயர். அப்பத்தாவிடமிருந்து உடனே வாய்ஸ் மெசேஜ்: "ஆனை வர்ற காட்டுல போயி எதுக்குடா படுக்கணும்? நம்ம தோப்புல படுத்தா ஆகாதா?" பிறகு என்னிடம், "பத்திரிகையிலதானே இருக்க, நல்லா விசாரிச்சுச் சொல்லு தாயி" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். விசாரித்ததில் கிடைத்ததெல்லாம் உங்களுக்கும் பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: எப்போது?

மேலை நாடுகளில் இலையுதிர் காலம் என்றால் டென்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். நமக்கு அதே மாதங்கள் ஐப்பசி, கார்த்திகை. பழைய தமிழ்க் கணக்கில் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். பழனி மலையில் அடித்துப் பெய்வது பெரும்பாலும் அதன் பிறகுதான். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்து திண்டுக்கல் மாவட்டம் வழியாகப் போனபோது, கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே, தீபாவளி லீவைவிடக் காலாண்டு லீவுதான் நல்லது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் மாலையில் இடி மழை வரலாம். ஆனால், நாள் கணக்கில் விடாமல் பெய்யும் அடைமழை அபூர்வம். கிளம்புவதற்கு முதல் நாள் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். திண்டுக்கல், தேனி இரண்டையும் பார்க்க வேண்டும். ஆரஞ்சு அலெர்ட் என்றால் யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள்.

எங்கே கூடவே கூடாது?

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இந்த மலையின் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் வன உயிரின சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கே காட்டுமாடு உண்டு, கீழ்மலைப் பக்கம் யானை உண்டு. 'எங்க எஸ்டேட்தான் சார், காட்டை ஒட்டி இருக்கும்' என்று யாராவது சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள். வயநாட்டில் 2021 ஜனவரியில், ஒரு தனியார் விடுதி வளாகத்தில் டென்ட் போட்டுத் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. பட்டா நிலம், வனம் என்ற எல்லைக்கோடெல்லாம் யானைக்குத் தெரியாது.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. காட்டைப் பார்க்க ஆசை என்றால், வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு பகலில் போகலாம். வட்டக்கானல் - வெள்ளகவி, குரங்கணி - சாம்பலாறு பாதைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

இரண்டாவது தடை, ஆற்றோரம். வத்தலக்குண்டு வழியாக ஓடும் மஞ்சளாறு பல நாள் வெறும் மணலாகக் கிடக்கும். கூடாரம் போட அழகான இடம் போலத் தெரியும். ஆனால் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் மலையில் பெய்த மழை காட்டாறாக வந்து சேரும். தேவதானப்பட்டி அருகிலுள்ள மஞ்சளாறு அணையின் உயரம் 57 அடி. நீர்மட்டம் 51, 53, 55 அடிகளைத் தொடும்போது கரையோர ஊர்களுக்கு அடுத்தடுத்து எச்சரிக்கை கொடுப்பார்கள். செய்தியில் அந்த எண்கள் வந்தால், ஆற்றுப் பக்கம் குழந்தைகளைக் குளிக்கக்கூட விடாதீர்கள்.

அருவிகளும் அப்படியே. பெரும்பாறை அருகிலுள்ள புல்லாவெளி அருவியில் 2022 ஆகஸ்ட்டில் வீடியோவுக்காகப் பாறை நுனியில் நின்ற இளைஞர் வழுக்கி விழுந்து இறந்தார். கும்பக்கரையில் நீர்வரத்து கூடினால் வனத்துறையே குளிக்கத் தடை போட்டுவிடும். தடை போட்டிருந்தால் திரும்பி வருவதுதான் மரியாதை.

அப்படியென்றால் எங்கே?

மூன்று வழிகள் கிடைத்தன.

ஒன்று, கொடைக்கானல். பட்டா நிலத்திலும் அனுமதியில்லாத டென்ட்களை அதிகாரிகள் அவ்வப்போது அகற்றுகிறார்கள். அதனால் கட்டடத்தில் அறை எடுத்துத் தங்குவதே நிம்மதி. 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். மலையடிவாரத்தில் இருந்தாலும் வத்தலக்குண்டு நிலக்கோட்டை தாலுகா என்பதால், உள்ளூர் சலுகையை நம்பிக் காரை எடுக்காதீர்கள். அரசு பஸ்ஸில் போனால் பாஸ் வேண்டாம். வழியில் டம்டம் பாறையில் இறங்கினால், தமிழகத்தின் மிக உயரமான அருவியான தலையாறு, ஊர் வழக்கில் எலிவால் அருவி, 975 அடி உயரத்திலிருந்து விழுவதைப் பார்க்கலாம். மழை ஆரம்பித்த இந்த மாதங்களில்தான் அதற்கு அழகு.

இரண்டு, தாண்டிக்குடி. பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறும் கீழ்மலைப் பாதை. பட்டிவீரன்பட்டி, சென்னை பாண்டிபஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியனாரின் ஊர். மேலே காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சுத் தோட்டங்கள். கொடைக்கானல் அளவுக்குக் கூட்டமும் இல்லை, குளிரும் இல்லை. முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இடம் பட்டாவா? சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா? ராத்திரி மழை வந்தால் படுக்கக் கட்டடமும் கழிப்பறையும் உண்டா? கேம்பிங் நடத்துபவர்களும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் பதிவு செய்வதற்கான நெறிமுறைகளை 2023-ல் அரசு வெளியிட்டிருக்கிறது. ரீல்ஸ் பார்ட்டிக்கு போன் போட்டுக் கேட்டேன். முதல் கேள்விக்கே, "அதெல்லாம் பிரச்னை வராது மேடம், நாங்க பாத்துக்குவோம்" என்றார்கள். சித்தப்பா அத்தோடு அந்த எண்ணை அழித்துவிட்டார்.

மூன்று, அப்பத்தா சொன்ன தோப்பு. மலையடிவாரத்தை ஒட்டாமல், ஊருக்குப் பக்கத்தில், மோட்டார் ரூமும் கேட்டும் இருக்கிற சொந்தக்காரர் தோப்பு. செலவு கம்மி. நடு ராத்திரியில் சின்னவள் 'வீட்டுக்குப் போகணும்' என்று அழுதால் இருபது நிமிடத்தில் வீடு. முதல் முறை டென்ட் போடும் குடும்பத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான ஒத்திகை கிடையாது. ஓட்டெடுப்பில் தோப்புதான் ஜெயித்தது.

தோப்பில் டென்ட் போட சில விதிகள்

* தென்னை மரத்துக்கு அடியில் போடவே கூடாது. காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழாது. மின்னலுக்கும் உயரமான மரம்தான் முதல் குறி. களத்துமேடு போன்ற மேடான, திறந்த இடமே சரி.
* மின்னல் தெரிந்ததும் குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். இடிச் சத்தம் வருவதற்குள் எத்தனை நொடியோ, அதை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். 30 நொடிக்குள் இடி கேட்டால் டென்ட்டை விட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கோ காருக்கோ போய்விட வேண்டும். டென்ட் மின்னலைத் தடுக்காது.
* தரையில் முதலில் தார்ப்பாய், அதன் மேல் டென்ட், உள்ளே கோரைப்பாய், அதற்கு மேல் ஜமுக்காளம். தார்ப்பாய் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் அதன் வழியே அடியில் புகுந்துவிடும். மடித்து உள்ளே தள்ளுங்கள்.
* டென்ட்டின் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். செருப்பைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். தேளும் பூரானும் அங்கே வாடகை கொடுக்காமல் குடியிருப்பவை. கிணற்றுக்குத் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பதை வெளிச்சத்திலேயே பார்த்துவிடுங்கள்.
* அடுப்பு டென்ட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். டென்ட்டுக்குள் கரி அடுப்போ கொசுவர்த்தியோ வேண்டாம். கரிப்புகை தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கொசுவுக்குத் தடவும் களிம்பும் முழுக்கைச் சட்டையும் போதும்.
* மழைக்காலத்தில் புதர்ப் பகுதிகளில் உண்ணிக் காய்ச்சல் உண்டு. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'தோப்பில் படுத்தோம்' என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சரியான சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க உதவும்.
* 108, 112, பேரிடர் உதவிக்கு 1077. மூன்று எண்களும் பெரியவர்கள் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

சாப்பாடும் மறுநாளும்

சமையலைப் பெரிதாக்கினால் சித்திக்கு அது லீவே இல்லை. ராத்திரிக்கு வீட்டிலிருந்து கட்டிய புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். காலையில் தோப்பிலேயே இளநீர், டீ, ரொட்டி. அடுப்பு மூட்டுவது அண்ணன் பொறுப்பு, குப்பையை ஒரு பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவருவது தங்கை பொறுப்பு. டீ போடுவது சித்தப்பா. இது அப்பத்தா போட்ட தீர்ப்பு என்பதால் மேல்முறையீடு கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டென்ட்டைப் பிரித்தால், நேராக டம்டம் பாறை. எலிவால் அருவியைப் பார்த்துவிட்டு மேலே ஏறாமல் அங்கிருந்தே திரும்பினால், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

காடு எங்கேயும் போய்விடாது. குறிஞ்சி கடைசியாக 2018-ல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்து 2030. அப்போது அண்ணனும் தங்கையும் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பார்கள். இந்த வருடம் தோப்பில் கயிறு கட்டவும் மேகம் பார்க்கவும் பழகிக்கொண்டால், அன்றைக்கு வழிகாட்டியோடு மலையேற அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.