சிங்கப்பூருக்கு நான் வைத்த பெயர்

நான் உயர்நிலை இரண்டில் படித்தபோது, ‘எங்கள் பாடநூல்’ என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதிவரும்படி தமிழாசிரியை கூறினார். பாடநூலில் நமக்குப் பிடித்த பாடத்தைப் பற்றி எழுதி, வெள்ளிக்கிழமை வகுப்பில் அதைப் படிக்க வேண்டும். வியாழன் இரவுவரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்கா இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே தலைப்பில் எழுதிய கட்டுரை வீட்டுக் கணினியில் இருந்தது. தேக்காவில் பூக்கடை வைத்திருப்பவரைப் பற்றிய பாடத்தை அவர் ரசித்து எழுதியிருந்தார். அதை அப்படியே எடுத்தால் ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். சொற்களை மட்டும் மாற்றினால்? ஒரு சொல்லைத் தேடி, எல்லா இடங்களிலும் வேறு சொல்லாக மாற்றும் வசதி கணினியில் உண்டு. ‘பூ’ என்பதை ‘மலர்’ ஆக்கினேன். ‘நூலில்’ என்பதைப் ‘புத்தகத்தில்’ ஆக்கினேன். பத்தே நிமிடம்தான். படித்துப் பார்க்காமலேயே உறங்கிவிட்டேன்.

மறுநாள் எழுந்து நின்று படித்தேன். ‘பூக்கடை’ என்பது ‘மலர்க்கடை’ ஆகித் தப்பித்துக்கொண்டது. “பாட்டி ஒரு முழம் மலர் வாங்கினார்” என்றதும் யாரோ சிரித்தார்கள். “கடைக்காரர் வெள்ளைப் புத்தகத்தில் மல்லிகையைக் கோத்தார்” என்றபோது என் குரல் தடுமாறியது. அடுத்த வரியில், கடை வாசலில் ஒரு ‘மலர்னை’ படுத்திருந்தது. பூனை! கடைசி வரியில் நம் நாட்டின் பெயர் ‘சிங்கப்மலர்ர்’ என்று நின்றது. வகுப்பே அதிர்ந்தது.

ஆசிரியை என்னைத் திட்டவில்லை. “நூல் என்ற சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். ஏன்?” என்று வகுப்பைக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூல் எழுதுவதை நூல் நூற்பதோடு ஒப்பிடுவதை அவர் விளக்கினார். அதில் சொற்கள் பஞ்சு, புலவர் நூற்பவர். அகராதிகள் வருவதற்கு முன்பே தமிழில் நிகண்டுகள் இருந்தன என்றும், அவற்றுள் பழமையான திவாகரத்தில் 12 தொகுதிகள் உண்டு என்றும் கூறினார். ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைச் சொல்வதற்கென்றே அதில் 11ஆம் தொகுதி இருக்கிறதாம். என் கணினிக்கு அது தெரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். “அந்தப் பாடத்தைப் படித்தாயா?” என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். “திங்கட்கிழமை வேறு கட்டுரை கொண்டு வா” என்றார். சிரிப்பொலியைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது.

சனிக்கிழமை அந்தப் பாடத்தைப் படித்தேன். மறுநாள் பஃபலோ சாலையில் ஒரு பூக்கடை முன் நின்றேன். கடைக்காரர் கையைப் பார்க்காமலேயே இரண்டிரண்டு மல்லிகைகளாக எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தேன். எல்லாம் மொட்டுகள், ஒன்றுகூட இன்னும் மலரவில்லை. “மொட்டாகத் தொடுத்தால்தான் சாயங்காலம் வாசமாக விரியும்” என்றார். மலர் என்றால் மலர்ந்தது அல்லவா? அந்தக் கடையில் மலரே இல்லை! ஆனாலும் அவர் கேட்டது, “எத்தனை முழம் பூ வேண்டும், தம்பி?” என்றுதான். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஒருமுறை அளந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பூவை அக்காவிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவரே, “பள்ளியிலிருந்து பூமலைக்குப் போனதையும் அதில் எழுதியிருந்தேனே, அது என்ன ஆனது?” என்று கேட்டார். தாவரவியல் பூங்காவை இங்குள்ள தமிழர்கள் பூமலை என்றுதான் சொல்வார்கள்.

“மலர்மலை” என்றேன்.

அக்கா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு மேசையில் எனக்கு இடம் ஒதுக்கிவிட்டு, கணினியை அணைத்துவிட்டுப் போனார்.