மூணு வருஷம் படிச்சா ஒரு வருஷம் வரவு!

இன்ஜினீயரிங் படிக்கிற மக்களே... கண்ணை மூடி 'எம்-3' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்க. வயித்துக்குள்ள ஏதோ பண்ணுதா? அதேதான்! ஃபோரியர் சீரிஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் என்று எத்தனையோ பேரை அரியர் லிஸ்ட்டில் உட்கார வைத்த பேப்பர்.

அந்தக் கணக்கையே ஆசைப்பட்டுப் படித்த ஒருத்தர் எங்க குடும்பத்தில் இருக்காங்க. பெரியப்பா பொண்ணு. ஊர், புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம். தினமும் பஸ் பிடித்து புதுக்கோட்டைக்குப் போய், இந்த வருஷம் பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்சிட்டாங்க. எனக்கு எம்-1ல் கேய்லி-ஹாமில்டன் தியரம் புரிந்தது அக்கா புண்ணியத்தில்தான்.

ப்ளஸ் டூ முடித்தபோதே அக்காவுக்கு இன்ஜினீயரிங் ஆசை. நாலு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல் என்று விரல் விட்டு எண்ணிய பெரியப்பா, "மேத்ஸ் படிம்மா, அப்புறம் பி.எட்., டீச்சர் வேலை" என்று முடித்துவிட்டார். எங்க பக்கம் பி.எஸ்சி. மேத்ஸ் என்றால் அடுத்த ஸ்டாப் பி.எட்.தான். நடுவில் வண்டி எங்கேயும் நிற்காது!

நிற்கும் பாஸ். லேட்டரல் என்ட்ரி என்றதும் நமக்கு பாலிடெக்னிக் பசங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனால், ப்ளஸ் டூவில் கணக்கு எடுத்து, பி.எஸ்சி. முடித்தவர்களும் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். அந்தக் கவுன்சலிங்கைப் பல வருஷமாக நடத்தி வந்திருப்பது காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. 1952-ல் ஆரம்பித்த காலேஜ், எங்க ஊருக்குப் பக்கம். ஆனாலும் தெருவில் கேட்டால், "அது டிப்ளமோக்காரங்களுக்குப்பா" என்றுதான் பதில் வரும்.

இது புதுசும் இல்லை. 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி., அந்தக் காலத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூணு வருஷம் இன்ஜினீயரிங் சொல்லிக் கொடுத்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஃபிசிக்ஸ் முடித்துவிட்டு அங்கே போன ரெண்டு பேரை உங்களுக்கு நல்லாவே தெரியும். ஒருத்தர் அப்துல் கலாம். இன்னொருத்தர் எழுத்தாளர் சுஜாதா!

கஷ்டமே இல்லையா? இருக்கு. எம்-3யைப் பார்த்து நாம நடுங்குவோம், மேத்ஸ்காரங்க சிரிப்பாங்க. ஆனால், இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ், இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் என்று ரெண்டு பேப்பர் அவங்களுக்காகக் காத்திருக்கு. இந்த முதல் வருஷப் பேப்பர்களை இரண்டாம் வருஷப் பாடங்களோடு சேர்த்து பாஸ் பண்ணணும் என்பது விதி.

எனக்கு உறுத்துவது வேறு ஒண்ணு. மூணு வருஷம் கணக்கு படித்தால் பி.இ.யில் கழிவது ஒரே வருஷம். 3+3, மொத்தம் ஆறு! அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று ஒண்ணு உண்டு. அங்கே ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரியை மேத்ஸில் வாங்கலாம். கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்... நம்ம எம்-1, எம்-2 சங்கதிதான். கூடவே ஃபிசிக்ஸ் மாதிரி தேவையான பேப்பர்களையும் முடித்துக்கொண்டு, இடம் கிடைத்தால், யுனிவர்சிட்டியில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷத்துக்கே போகிறவர்கள் உண்டு. குறைந்த ஃபீஸில் பாதிப் படிப்பு முடிந்துவிடும். கலிஃபோர்னியாவில் இப்படி மாறிப் போகிறவர்களுக்கு வழியைச் சுலபமாக்க 2010-ல் சட்டமே போட்டார்கள். நம்ம ஊர் மேத்ஸ் மட்டும் ஏன் பாஸ் இவ்வளவு மலிவா கழியுது?

வீட்டில் இப்போ அதே பஞ்சாயத்துதான். "ஆறு வருஷமாடா?" என்கிறார் பெரியப்பா. அக்கா சண்டை போடவில்லை. "பி.எட். ரெண்டு வருஷம், பி.இ. மூணு வருஷம். வித்தியாசம் ஒண்ணுதானேப்பா" என்று மட்டும் சொன்னாங்க. பெரியப்பா இன்னும் 'சரி'ங்கலை. 'வேணாம்'னும் சொல்லலை. சரின்னுட்டா, மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு அக்கா ஜூனியர்!

பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ்... டீச்சராகணும்னா சந்தோஷமா ஆகுங்க, நல்ல கணக்கு டீச்சருக்கு இங்கே பஞ்சம். ஆனா, வேற வழியே இல்லைன்னு மட்டும் போகாதீங்க. ஃபைனல் இயர்லயே லேட்டரல் என்ட்ரி அறிவிப்பைத் தேடிப் படிங்க. ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைப் பத்திரமா வைங்க. அப்படியே கிராஃபிக்ஸ் புத்தகத்தையும் கொஞ்சம் புரட்டுங்க.

மினி டிராஃப்டர் கவலை வேண்டாம். என்னோடது பரண் மேல சும்மாதான் கிடக்கு. ஆனா, அக்கா முதல்ல துண்டு போட்டாச்சு!