அடி இல்லாத பானை

போன பொங்கலுக்கு முன்னால், நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு கூகுள் ஃபார்ம் தயார் செய்தேன். ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் இன்னும் சக்கரம் சுற்றுவது ஒரு வீட்டில்தான். அந்தத் தாத்தாவின் பானைகளை பெங்களூர் நண்பர்களிடம் விற்றுக்கொடுப்பது திட்டம். "மண்பாண்டத் தொழிலைக் காப்போம்" என்று தலைப்பு வேறு. நாலே நாளில் 140 ஆர்டர்.

போனில் சொன்னேன். "நூத்தி நாப்பதா? யாரு கண்ணு தட்டறது?" என்றார்.

சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்தும் மனதில் பதியாத விஷயம் அது. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடியே கிடையாது. வாயும் கழுத்தும் மட்டும்தான் முடிந்திருக்கும். கொஞ்சம் ஈரம் வற்றியபிறகு, உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கி அடியை மூடவேண்டும். ஈரம் அதிகமிருந்தால் சரியும், காய்ந்துவிட்டால் கீறும். எந்த நேரத்தில் தட்டலாம் என்பது விரலுக்குத்தான் தெரியும். காதி கிராமத் தொழில் ஆணையம் தருகிற மின்சக்கரம் சுற்றுகிற வேலையைக் குறைக்கும். தட்டுவதற்குக் கைதான் வேண்டும். இத்தனை வருஷம் தட்டிய பாட்டிக்குத் தோள்பட்டை போய்விட்டது. மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராக போர் போடுகிறார். "அவனும் மண்ணைத் தோண்டித்தான் பொழைக்கிறான்" என்று தாத்தா சிரிப்பார்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. ஏரியில் களிமண் எடுக்க கலெக்டர் ஆபீஸ்வரை அலைந்த நிலை மாறி, 2024-ல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்றானது. சூளை வைக்கமுடியாத மழை மாதங்களுக்கு நிவாரணத் தொகை உண்டு. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணுக்கும் மழைக்கும் பெயருக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது. தட்டப் பழகுகிறவருக்கு, பழகுகிற காலத்தில் சோறு போடுவது யார்?

கேம்பஸில் வேலை கிடைத்து நான் சேர்ந்தபோது முதல் நாலு மாதம் ட்ரெயினிங். கம்பெனிக்கு உதவுகிற மாதிரி ஒரு வரி கோட் எழுதவில்லை. சம்பளம் மட்டும் தேதி தவறாமல் வந்தது. அதை யாரும் உதவி என்று சொல்லவில்லை, நானும் அப்படி நினைக்கவில்லை.

நூறு பேருக்கு மன்னிப்பு மெயில் அனுப்பினேன். நாற்பது பானைகள் மட்டும் போயின.

இப்போது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தட்டப் பழக வருகிறார். அவருடைய நாள்கூலியை நாங்கள் ஏழு பேர் மாதாமாதம் பங்கு போடுகிறோம். ஏழு பேர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்ற பயம் எனக்கு உண்டு. முதல் வாரம் அவர் தட்டிய பதினொன்றில் ஒன்பது கீறிவிட்டன. தாத்தா திட்டவில்லை. சுடாத மண்தானே, உடைத்து ஊறப்போட்டு மறுபடி மிதித்தார்.

அந்த ஒன்பதுக்கும் சேர்த்துத்தான் கூலி.