நாயிகுத்தியின் நாயும் இன்றைய ஆகும்பேயும்

குவெம்புவின் ‘மலெகளல்லி மதுமகளு’ நாவல் 1967-இல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கன்னட மலைநாட்டின் மழைக்காட்டில் கதை நிகழ்கிறது. அதில் வரும் குத்தி என்பவனை ஊரார் நாயிகுத்தி என்றே அழைப்பர். ஹுலிய என்னும் நாய் உடன் வராமல் அவன் எங்கும் செல்வதில்லை. (தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும், ஆகவே நாயின் பெயர் நம் வழக்கில் ‘புலியன்’.) துங்கையின் வெள்ளம் இறுதியில் அந்த நாயைக் கொண்டுபோகிறது. மழைக்காட்டை நாயோடு சுற்றியவர்களில் இவனுக்கு இணையாக இந்திய இலக்கியத்தில் வேறொருவனைச் சொல்வது கடினம்.

இன்று அதே மலைநாட்டின் ஆகும்பேக்குப் பெங்களூரிலிருந்து மகிழுந்தில் நாய்கள் வருகின்றன. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. நாய் ஓடையில் வாய்வைத்துக் குடிக்கும்போது அட்டை மூக்குக்குள் ஏறிவிடும்; பல நாள் கழித்துக் குருதி ஒழுகும்போதுதான் உரியவருக்குத் தெரியவரும். சரணாலய வாயிலில் நாய்க்கு அனுமதி மறுக்கப்படுவது பலருக்கு மனத்தாங்கல். ‘ஊர் நாய்கள் உள்ளே திரிகின்றனவே’ என்பது அவர்கள் வாதம். அது பொய்யன்று, ஆனால் அது தடையைத் தளர்த்துவதற்கான காரணமும் அன்று.

செந்நாயைக் கன்னடம் ‘கென்னாயி’ என்கிறது. தமிழின் சகரத்துக்கு அங்கே ககரம்; சொல்லும் ஒன்றே, ‘நாய்’ என்ற உறவும் ஒன்றே. அந்த உறவில்தான் ஆபத்தும் இருக்கிறது. வீட்டு நாயின் டிஸ்டம்பர் நச்சுயிரி செந்நாயையும் தொற்றக்கூடியது. பூனைக் குடும்பத்தையும் அது விடுவதில்லை. 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அந்த நச்சுயிரி அங்கே கண்டறியப்பட்டது. நாய் குரைக்கவோ துரத்தவோ வேண்டியதில்லை. அதன் எச்சமே போதும்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வாழும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வழிசெய்கிறது. கால்நடை எவை என்று சட்டம் பெயர்சொல்லும் வரிசையில் ஆடு, மாடு, ஒட்டகம், வாத்து எல்லாம் உண்டு, நாய் இல்லை. வாயிலில் நாயைத் தடுக்கும் ஏற்பாடு, வேலிக்கு வெளியே வாழும் குத்தியின் வழியினருடைய நாயை எண்ணிப்பார்க்கவில்லை. பெங்களூர் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி கிடைக்கிறது. காட்டுக்குள் அன்றாடம் போய்வரும் நாய்க்குத்தான் கிடைப்பது அரிது. நாயோடு ஆகும்பே செல்ல விரும்புவோர் சரணாலயத்துக்கு வெளியே, வார்பூட்டி, தோட்டப் பாதைகளில் நடக்கலாம். கையில் பணமிருப்போர் தங்கும் ஊரின் நாய்களுக்கும் அந்த ஊசியைப் போடச்செய்துவிட்டு வரலாம்.